சிங்கங்களுக்கு ஞாயிறு விடுமுறை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஊர்ப்புற நூலகர்களே, போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டு, "அனுபவம் பேசுங்கள் சார், ஐந்து நிமிஷம்" என்றார்கள். அதில் மூன்று நிமிஷம் சால்வை போர்த்துவதற்குப் போயிற்று. மீதி இரண்டு நிமிஷம் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசினேன். உத்திரமேரூர்க்காரன் எந்த மேடையில் ஏறினாலும் அதைப் பேசாமல் இறங்க விடமாட்டார்கள். அன்று சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பதிவேடு எழுதுவது, புத்தகத்தை அடுக்குவது, கறையான் மருந்து அடிப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். நூலகர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற காகிதத்தை ஊர் நம்பும். செய்தித்தாளை நம்பாதவர்கள்கூட நம்புவார்கள், ஏனென்றால் நமக்கு அதில் எந்த லாபமும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அப்படி நான் ஒட்டிய ஒரு காகிதத்தால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது இது. அப்போது உத்திரமேரூருக்கும் காவாந்தண்டலத்துக்கும் நடுவே ஒரு ஊரில் வேலை பார்த்தேன். அந்த ஊரின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஒருவர் வேலை பார்க்கிறார். ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு நூலகமும் ஒரு கண்டத்தை எடுத்துக்கொண்டு 'உலகை அறிவோம்' என்று பலகை வைக்க வேண்டும், புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நான் உத்தரவைப் படித்து முடிப்பதற்குள் கெட்டிக்காரர்கள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு ஆப்பிரிக்கா மிஞ்சியது.

எங்கள் நூலகத்தில் ஆப்பிரிக்காவைப் பற்றி இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று அட்டை கிழிந்த வேட்டைக் கதை. இன்னொன்று பழைய பூகோளப் பாடநூல், அதில் இருந்த பாதி நாடுகளுக்குப் பெயரே மாறிவிட்டிருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வாசகர் வட்டத்தில் 'இருண்ட கண்டம்' என்று முக்கால் மணி நேரம் பேசினேன். கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், மற்ற இருவரும் மின்விசிறிக்காக வந்தவர்கள். கூட்டம் முடிந்ததும் போஸ்ட் மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேர்ல போய் வந்தா மாதிரி இருந்தது" என்றார். நானும் போய்வந்தவன் மாதிரியே தலையாட்டினேன்.

பலகைக்கு அது போதாது என்று நூலகக் கணினியில் தேடினேன். அப்போதுதான் வலைப்பூக்கள் கண்ணில் பட்டன. ஆப்பிரிக்க நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதுவது. யாரோ புண்ணியவான் அவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் பட்டியல் போட்டிருந்தார். கை பரபரக்க ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

எனக்குப் பெருத்த ஏமாற்றம். கானாவில் ஒருத்தர் வீட்டுக்காரர் கேட்கிற முன்பணத்தைப் பற்றிப் புலம்பியிருந்தார். கென்யாவில் ஒரு அம்மாள், தையற்காரர் ரவிக்கையைக் கெடுத்த கதையை நாலு பக்கம் எழுதியிருந்தார். இன்னொருத்தருக்கு மூன்று பேர் உட்காருகிற வண்டி சீட்டில் நான்காவது ஆளைத் திணிக்கிற நடத்துநர் மீது கோபம். மின்வெட்டு, மாமியார், கல்யாணத்துக்குக் கமிட்டி போட்டு உயிரை எடுக்கிற சொந்தக்காரர்கள். இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? இதற்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் போதாதா? இவர்களுக்குத் தங்கள் கண்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று முடிவு செய்து ஒவ்வொன்றாக மூடினேன். ஒரு யானை கூட வரவில்லை, பாருங்கள்.

கடைசியில் ஒன்று சிக்கியது. சாம்பியா நாட்டின் தலைநகர் லுசாக்காவிலிருந்து ஒருவர் எழுதியது: 'எங்கள் நாட்டுக்கு வரும் விருந்தினருக்குச் சில அறிவுரைகள்'. எங்கள் விமான நிலையம் ஒரு பெரிய மரம், விமானம் இறங்கும்போது குரங்குகள் ஒதுங்கி வழிவிடும், மறக்காமல் நன்றி சொல்லவும். வந்திறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு முரசு தரப்படும், பசித்தால் ஒரு தட்டு, தாகத்துக்கு இரண்டு தட்டு. சிங்கங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, கடைகண்ணிக்கு அன்று மட்டும் போகலாம்.

அப்பாடா, இதல்லவா ஆப்பிரிக்கா என்று உட்கார்ந்து ஒரே மூச்சில் மொழிபெயர்த்தேன். சிங்கத்தின் விடுமுறை மட்டும் கொஞ்சம் இடித்தது. அதற்கு நானே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'அந்நாட்டிலும் ஞாயிறே வார விடுமுறை என்பது குறிப்பிடத்தக்கது.'

கட்டுரையின் தலையில் சின்ன எழுத்தில் 'அங்கதம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பார்த்தேன். வகைப் பெயர்தானே என்று விட்டுவிட்டேன். ஆங்கில அங்கத இலக்கியத்துக்கு வகைப்பாட்டு எண் 827 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முப்பது வருஷம் அந்த எண்ணை முதுகில் ஒட்டி அடுக்கியிருக்கிறேன். அது நேரில் வந்து நின்று கையைக் காட்டியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. எண்ணைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், தம்பிகளே, தங்கைகளே. உள்ளேயும் ஒரு பார்வை பாருங்கள்.

பலகையைப் பார்த்து மேலதிகாரி மகிழ்ந்தார். படம் குழுவில் போயிற்று. மற்ற நூலகங்களும் எடுத்துப் போட்டுக்கொண்டன. ஒரு நூலகர் தன் சொந்த முயற்சியில் குரங்குப் படமும் வரைந்து ஒட்டினார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை காலையில் எஸ்தர் வந்தாள். காவாந்தண்டலத்துப் பெண், நர்சிங் படித்தவள். விண்ணப்பம் போட, பிரிண்ட் எடுக்க என்று எங்கள் கணினிக்கு அடிக்கடி வருபவள். அப்பா இல்லை. அம்மா ஞானம்மாள் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று உழைத்துப் படிக்க வைத்தவர். எஸ்தருக்கு வெளிநாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பது எனக்குத் தெரியும். எந்த நாடு என்று நான் கேட்டதில்லை. வெளிநாடு என்றால் வளைகுடா என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், எனக்கு வேல சாம்பியால சார், லுசாக்கால," என்றாள். "வெள்ளிக்கெழமைக்குள்ள பாஸ்போர்ட் காப்பி அனுப்பணும். அனுப்பலன்னா வேற ஆள எடுத்துக்குவாங்க. எங்கம்மா பாஸ்போர்ட்ட எங்கியோ ஒளிச்சி வச்சிகினு தரமாட்டேன்றாங்க."

"ஏம்மா?"

அவள் பலகையைக் காட்டினாள். அந்தக் காகிதத்தை யாரோ படம் பிடித்து, இன்னும் யாரோ அதைக் குரலில் படித்து அனுப்பி, நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரையில் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். மரத்தில் இறங்கும் விமானத்தில் எந்தத் தாய் மகளை ஏற்றி அனுப்புவாள்?

எஸ்தர் பலகையருகே போய் முழுதும் படித்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் கண் கலங்கிவிட்டது. "சார், இது கிண்டல் சார். நம்மள மாதிரி ஆளுங்கள கிண்டல் பண்ணி எழுதிகிறாங்க. நீங்க நெசம்னு போட்டுகிறீங்க."

உடனே மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர், "தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டா துறைக்கு அசிங்கம். சத்தமில்லாம எடுத்துட்டு ஆஸ்திரேலியா போட்டுடுங்க" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். விடுமுறை தேதியைத் தப்பாக எழுதி ஒட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது கிழிக்கப் போனேன். அவர் கையைப் பிடித்தார். "கிழிச்சிட்டா பாக்காதவனுக்குத்தான்யா நல்லது. பாத்துட்டுப் போனவன் தப்போடவே போயிட்டானே, அவனுக்கு யார் சொல்றது?" என்றார். காகிதத்தின் மேலேயே சிவப்பு மையில் திருத்தி, கீழே என் கையெழுத்தையும் போட வைத்தார். அன்று அவர் மீது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எஸ்தர் வந்த புதன்கிழமை சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். காகிதத்தின் குறுக்கே 'இது கேலிக் கட்டுரை. உண்மை என்று நம்பி ஒட்டியது என் அறியாமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு நூலகத்தை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு எஸ்தருடன் ஏரிக்கரைக்குப் போனேன்.

ஞானம்மாள் மண்சட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "நீங்கதான சார் ஒட்டினீங்க?"

"ஆமாம்மா."

"இப்ப நீங்களே பொய்ன்றீங்க. அப்ப நாளிக்கு இன்னா சொல்லுவீங்க?" கோபம் ஏற ஏற 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "படிச்சவரு நீ. நீயே இப்டி மாத்தி மாத்தி பேசனா நாங்க எத நம்பறது? எழுதனாங்களே அந்தம்மா, அவங்களையே கேளு. ஒத்தப் பொண்ணு வந்தா எங்க தங்குவா, இன்னா துன்னுவா, ஒடம்பு கெட்டா யாரு பாப்பாங்க, கேளு. அவங்க சொல்லட்டும்."

எஸ்தர் அந்த வலைப்பூவில் இருந்த படத்தைத் தாயிடம் காட்டியிருக்கிறாள்; எழுதியது பெண் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அங்கேயே, எஸ்தரின் போனில், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் கேலியை உண்மை என்று மொழிபெயர்த்துப் பலகையில் ஒட்டிய நூலகர் நான் என்று தொடங்கினேன். வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வாக்கியம் நான் எழுதியதில்லை. கீழே எஸ்தர் சேரப்போகிற ஆஸ்பத்திரியின் பெயரையும் ஞானம்மாளின் கேள்விகளையும் வரிசையாகப் போட்டேன்.

வியாழக்கிழமை காலையில் பதில் வந்துவிட்டது. மதியம் வேலை முடிந்து தாயும் மகளும் நேராக நூலகத்துக்கு வந்தார்கள். ஞானம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. எவ்வளவு சொல்லியும் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

மூன்று நாள் சிரிப்பை ஒரே நாளில் சிரித்தேன் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். அப்புறம் கேள்விகளுக்கு வந்தார். தினமும் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. கொசு உண்டு, மலேரியா உண்டு, வலை கட்டாமல் படுக்கக் கூடாது. சம்பளம் சில மாதம் தாமதமாகும். மக்காச்சோள மாவில் களி கிண்டிக் கீரையோடு சாப்பிடுவோம், அரிசியும் கிடைக்கும். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் கிடைக்க மூன்று மாதம் ஆகும், அதுவரை வெளியே அறை பார்க்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில்தான் என் தங்கைக்குப் பிரசவம் ஆயிற்று, நர்சுகள் போதவில்லை, உங்கள் பெண் வந்தால் சந்தோஷம்.

முடிவில் இருந்த பெயரையும் அதே குரலில் படித்துவிட்டேன்: "முட்டாலே."

ஞானம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவ்ளோ தூரத்துல கீறவங்களுக்கே உன்ன பத்தி தெரிஞ்சிபோச்சா சார்?"

எஸ்தர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அது அந்த அம்மாளின் பெயர் என்று நான் விளக்குவதற்குள் என் மானம் போக இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தேட வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் ஞானம்மாள் யோசித்தார். "கரண்டு இல்ல, கொசு கீது, சம்பளம் லேட்டாவும்னு சொல்றாங்க. ஏமாத்தறவங்க கெட்டத சொல்லமாட்டாங்க. களியும் கீரையும்னா நம்ம வூட்டு சோறுதான்." அணைத்திருந்த பையைத் திறந்தார். தூக்குவாளிக்கு அடியிலிருந்து, பாலித்தீன் உறையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்து மகளிடம் நீட்டினார். நாலு நாளாக ஏரிக்கரைக்கும் வீட்டுக்கும் அது அவரோடுதான் போய்வந்திருக்கிறது. எஸ்தர் அங்கேயே ஸ்கேன் செய்து அனுப்பினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நானும் மேடையிலேயே சொல்லியிருப்பேன்.

மின்னஞ்சலின் அடியில் முட்டாலேயின் பின்குறிப்பு ஒன்று இருந்தது: என் அக்கா மகன் சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர விரும்புகிறான். வீட்டில் பயப்படுகிறார்கள். இந்தியாவில் தெருவெல்லாம் பாம்பு என்று ஒருவர் சொல்கிறார், அதை நான் நம்பவில்லை. ஆனால் கறுப்பர்களுக்கு வீடு தரமாட்டார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். நீங்கள் அங்கேயே இருப்பவர், நீங்களே சொல்லுங்கள், அது நிஜமா?

இதையும் படித்துச் சொன்னேன். "அவங்க மறைக்காம சொன்னாங்க இல்ல, நீயும் சொல்லு சார்" என்றார் ஞானம்மாள்.

எனக்கு ஒரே உற்சாகம். இழந்த பெயரை மீட்க ஆண்டவனே அனுப்பிய பின்குறிப்பு. உத்திரமேரூரில் கோயிலை ஒட்டிய தெருவில் எனக்குச் சொந்த வீடு, மாடி காலி. 'எங்கள் மக்கள் அன்பானவர்கள். உங்கள் பையனுக்கு என் வீட்டு மாடியையே தருகிறேன்' என்று விறுவிறுவென்று தட்டினேன். எஸ்தர் பக்கத்தில் நின்று படித்துத் தாயிடம் சொன்னாள்.

ஞானம்மாள் சத்தம் போடவில்லை. "அந்த மாடியா சார்? எஸ்தரு உத்திரமேரூர் ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாக்கசொல்ல, பஸ்சு இல்லாம பேஜாரா பூட்ச்சி. வாடகைக்குன்னு போர்டு தொங்குதேன்னு ரெண்டு பேரும் வந்து கேட்டோம். உங்க வூட்டம்மா எந்த ஊருன்னு கேட்டாங்க, எந்தப் பக்கம்னு கேட்டாங்க, அப்பறம் ஆளு வந்துட்டாங்கன்னு சொன்னாங்க. போர்டு ஒரு வருசம் தொங்கினு இருந்தது. அந்த வேலையும் பூட்ச்சி. உனக்குத் தெரியாது போல."

"விடும்மா," என்றாள் எஸ்தர்.

தெரியாது என்றேன். தெரியும். அன்று நான் உள்ளேதான் இருந்தேன். ஆள் வந்துவிட்டார்கள் என்று சொல்லச் சொன்னதே நான்தான். வாசலில் நின்றது யார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் என்பது மட்டும் காதில் விழுந்தது, அது போதுமாக இருந்தது. காவாந்தண்டலத்துப் பெண் ஒருத்திக்கு ராத்திரி வேலை ஏன் நிலைக்கவில்லை, அவள் ஏன் கடல் தாண்டிப் போகிறாள் என்று எந்த வலைப்பூவைத் திறந்து படித்துத் தெரிந்துகொள்வது?

தட்டியதையெல்லாம் அழித்தேன். புதிதாக எழுதினேன். 'நீங்கள் கேள்விப்பட்டது நிஜம். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் இல்லை. உங்களிடம் கேள்வி கேட்ட இந்தத் தாய்க்கும் மகளுக்கும் என் வீட்டு மாடியை இல்லை என்று சொன்னவன் நான். அது தெரிந்து முடிவு செய்யுங்கள்.' அவர்கள் நிற்கும்போதே சத்தமாகத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். ஞானம்மாள் பையை எடுத்துக்கொண்டு மகளோடு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்திருந்தது. பையனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நூலகத்தைத் திறக்காமலே வண்டியை ஏரிக்கரைக்கு விட்டேன். ஞானம்மாள் தலையில் மண்ணோடு நின்றார். படித்தேன்: 'அந்தப் பெண் என்றைக்கு வருகிறாள்? குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை என் வீட்டுப் பின்னறையில் இருக்கட்டும். பெயரை மட்டும் எழுதுங்கள், கூட்டிவர விமான நிலையத்துக்குப் போக வேண்டும்.'

ஞானம்மாள் மண்சட்டியை இறக்கினார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"பேரு மட்டும்தான் கேக்கறாங்களா?"

"ஆமாம்மா."

"நாங்க இன்னா ஆளுங்கன்னு கேக்கலியா சார்?"

கேட்கவில்லை என்றேன்.